பைக்கும் காசா?

“அக்கா, இனிப் பைக்கும் காசு” என்றான் கடைப் பெடியன். எனக்கு முன்னால் நின்ற அம்மா கையிலிருந்த சில்லறையை எண்ணிப் பார்த்துவிட்டு, பருப்பையும் சவர்க்காரத்தையும் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனார். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

பிடியுள்ள பொலித்தீன் பைகளை 2025 நவம்பர் 1 முதல் இலவசமாகக் கொடுக்கக் கூடாது, விலையைப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும் என்பது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் கட்டளை. இதற்கு முன்னும் தடைகள் வந்தன. 2007 இல் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலித்தீனைத் தடுத்தார்கள். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளையும் உயிர்களையும் மூடியது. அந்த செப்டெம்பரில் லன்ச் ஷீற்றுக்கும் தடை வந்தது. எங்கள் சந்தையில் பை குறைந்ததை மட்டும் நான் காணவில்லை.

சகோதரிகளே, இந்தப் பையைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை. 2009 இல் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் காணி உறுதியையும் இரண்டு சொப்பிங் பைகளில் சுற்றித்தான் இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தேன். நந்திக்கடலில் நெஞ்சளவு தண்ணீர். கடதாசி நனையவில்லை. இன்றோ அதே பைகள் வாய்க்காலை அடைத்து, மாரியில் என் முற்றத்தில் வெள்ளத்தை நிறுத்துகின்றன. அயல்வீட்டுப் பசு செத்தபோது வயிற்றில் இருந்ததும் இதுதான்.

ஆகவே கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பைக்காசு கடை லாச்சிக்குள் அல்லவா விழுகிறது? ஓலையைக் காயவைத்து, வார்ந்து, விளக்கு வெளிச்சத்தில் உமல் இழைக்கும் பெண்கள் எங்கள் வீதியிலேயே இருக்கிறார்கள். துணையை இழந்தவர்கள். அவர்களுடைய உமல் கண்காட்சியில் அழகுப் பொருளாகத் தொங்குகிறது. மீன் வாங்கப் போகிறவர் கையில் இல்லை.

முதலாளியிடம் கேட்டேன். “கொண்டு வாங்கோ, வித்தால் காசு” என்றார். இழைப்பவளிடம் சொன்னேன். “விக்கும்வரை பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுக்கிறது அக்கா?” என்றாள். அதற்கு நான் என்ன சொல்ல?

கடைசியில் மாதர் சங்கச் சேமிப்பில் பத்து உமலைக் கைக்காசுக்கு வாங்கி, அந்தக் கடை வாசலிலேயே தொங்கவிட்டிருக்கிறோம். சங்கத்தில் இரண்டு பேருக்கு இதில் கோபம்; காசு முடங்கிவிடுமாம். இதுவரை மூன்று போயிருக்கிறது. மீதி ஏழின் கதையை அடுத்த மாதம் எழுதுகிறேன்.