சோற்றுக்குப் பின் தேநீர்: சாப்பிட்ட இரும்புச்சத்து எங்கே போகிறது?



"நல்லாத்தான் சாப்பிடுறேன், ஆனாலும் உடம்பில சத்துப் பிடிக்குதில்லையே" என்று குறைப்படும் பெண்கள் நம்மிடையே பலர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றுகிறது. விடியற்காலையில் எழும்ப உடம்பு ஒத்துழைப்பதில்லை. வீட்டில் உள்ளவர்கள் இதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். பல வேளைகளில் இது சோம்பல் அல்ல. இரும்புச்சத்துக் குறைவால் வருகின்ற குருதிச்சோகை.

நன்றாகச் சாப்பிட்டும் சத்துக் குறைவது எப்படி? சாப்பிட்டது எல்லாம் உடம்பில் சேர்ந்துவிடுவதில்லை என்பதே பதில்.

ஒரு பிடி சோற்றின் பயணத்தைப் பாருங்கள். வாயில் மெல்லும்போதே உமிழ்நீர் மாப்பொருளைக் கரைக்கத் தொடங்குகிறது. இரைப்பையிலுள்ள அமிலம் புரதத்தை இளக்குகிறது. அங்கிருந்து சிறுகுடலுக்குள் வந்ததும் ஈரலிலிருந்து பித்தமும் சதையியிலிருந்து நொதியங்களும் வந்து கலக்கின்றன. இந்தச் சிறுகுடல் சுமார் 20 அடி நீளமானது. அதன் உட்சுவரில் வெல்வெட் துணியின் இழைகளைப் போலச் சடைமுளைகள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. சத்துக்களை உறிஞ்சி இரத்தத்தில் சேர்ப்பவை இவையே. இங்கே உறிஞ்சப்படாத இரும்பு மலத்தோடு வெளியேறிவிடும்.

இரும்புச்சத்து பெரும்பாலும் உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதியில்தான். இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பின் ஒரு பகுதி எளிதாக உள்ளே போய்விடும். கீரை, பருப்பு, தானியங்களில் உள்ள இரும்பு அப்படியல்ல. அதில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குகூட உடம்பில் சேர்வதில்லை. அந்தச் சிறு பங்கையும் தடுக்கின்ற ஒரு பொருள் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. அதுதான் தேயிலை.

தேநீருக்கு நிறமும் துவர்ப்பும் தருகின்ற பொருட்கள் குடலில் இரும்போடு ஒட்டிக்கொண்டு, அதைக் கரையாத பொருளாக மாற்றிவிடுகின்றன. கரையாததைச் சடைமுளைகள் உறிஞ்ச மாட்டா. தென்னாபிரிக்காவில் இந்திய வம்சாவளிப் பெண்களிடம் செய்து 1975இல் வெளியிட்ட ஆய்வு, சோற்றுணவோடு தேநீர் குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது குறைந்ததைக் காட்டியது. 1982இல் வெளியான சுவீடன் ஆய்வொன்றில், சாப்பாட்டோடு குடித்த தேநீர் இதனை ஏறத்தாழ 60 வீதத்தாலும், கோப்பி 35 வீதத்தாலும் குறைத்தன. மாறாக, தோடம்பழச் சாறு அதைக் கூட்டியது. தேநீரில் பால் சேர்ப்பதால் இந்தத் தடை நீங்கிவிடாது.

அப்படியானால் தேநீரை விட்டுவிட வேண்டுமா? தேயிலை விளையும் நாட்டில் பிறந்த நமக்கு அது இலேசான காரியமல்ல, அவசியமும் இல்லை. நேரத்தை மாற்றினால் போதும். சோறு தின்று கை கழுவியதும் பிளேன் டீக் கோப்பையைத் தேடாமல், ஒன்றிலிருந்து இரண்டு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டோடு தேநீர் கொடுக்கும் பழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள்.

அடுத்தது, இரும்புக்குத் துணை செய்வதைத் தட்டில் சேர்ப்பது. விற்றமின் சி அந்தத் துணை. வெள்ளவத்தைச் சந்தையிலும் கொட்டாஞ்சேனைச் சந்தையிலும் கிடைக்கின்ற வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை இலை எதை வாங்கினாலும் தேசிக்காய் இரண்டையும் சேர்த்து வாங்குங்கள். சூட்டில் விற்றமின் சி அழிந்துவிடும் என்பதால், அடுப்பிலிருந்து இறக்கி ஆறிய பின்பே தேசிப்புளி விடவேண்டும். பச்சை வல்லாரையை அரிந்து, மாசித்தூள் தூவி, தேசிப்புளி விட்டுப் பிசைகின்ற சம்பலில் எல்லாமே பொருந்தி வருகின்றன. தேசிப்புளி மட்டுமல்ல, மாசியும் கீரையிலுள்ள இரும்பு உடம்பில் சேர உதவுகிறது. நம் மூத்தவர்களின் கைப்பக்குவம் வீண் போகவில்லை. சாப்பாட்டுக்குப் பின் ஒரு கொய்யாப்பழமோ ஒரு துண்டு பப்பாசியோ தின்றாலும் நல்லதுதான்.

கர்ப்பிணிச் சகோதரிகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மாதவிடாயால் இரத்தம் இழப்பதால் பெண்களுக்கு ஆண்களைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு இரும்பு தேவை. கர்ப்ப காலத்தில் இத்தேவை இன்னும் கூடும். அப்போது ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் அது குருதிச்சோகை. கடுமையான குருதிச்சோகை உள்ள தாய்க்குப் பிரசவத்தில் ஏற்படும் சாதாரண இரத்தப்போக்கும் உயிருக்கு ஆபத்தாகலாம். பிள்ளை நிறை குறைந்து பிறக்கவும் கூடும்.

கிளினிக்கில் இரும்புக் குளிசையோடு விற்றமின் சி தருவதற்குக் காரணம் இப்போது விளங்கியிருக்கும். அந்தக் குளிசையைத் தேநீரோடு விழுங்கினால் அதன் பயனில் பெரும்பகுதி வீணாகும். தண்ணீரோடோ தேசிக்காய்த் தண்ணீரோடோ விழுங்குங்கள். கல்சியக் குளிசையை வேறு நேரத்தில் எடுங்கள்; கல்சியமும் இரும்பைத் தடுக்கும். இரும்புக் குளிசையால் மலம் கறுப்பாகப் போவது வழமை. அதற்குப் பயந்து குளிசையை நிறுத்தாதீர்கள். மலச்சிக்கலோ வயிற்றுப் புரட்டலோ இருந்தால் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். நேரத்தையோ குளிசையையோ மாற்றித் தருவார்கள்.

களைப்பு என்றதும் கடையில் குளிசை வாங்கி விழுங்குவதும் சரியல்ல. பூச்சித் தொல்லையாலும் தலசீமியா போன்ற பரம்பரை நோய்களாலும் குருதிச்சோகை வரும். முதலில் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

ரமழானில் ஸஹர் சோற்றுக்குப் பின் நேரமில்லை என்று உடனே தேநீர் குடிக்கிறோம். அந்தக் கோப்பையை இரவில் குடித்துவிட்டு, ஸஹரில் ஒரு பழத்தோடு முடித்துக்கொண்டால் தின்ற சோற்றின் சத்து உடம்பில் சேரும்.

இந்த மாற்றங்களுக்குச் செலவு ஒன்றுமில்லை. சமைத்துப் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட உட்காரும் சகோதரிகளே, உங்கள் தட்டில் மிஞ்சுகின்ற சத்தாவது உங்களுக்கே சேரட்டும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் எலும்புக்கு வலுவூட்டும் கல்சியம் பற்றிப் பார்ப்போம்.