ஆறுதலால் தீராத நோய்

வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனைவரை போனவர், பூட்டினோமா இல்லையா என்ற ஐயம் எழ, திரும்பி வந்து பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவது உலக வழக்கம், அதைச் சொல்லி, "எனக்கும் கொஞ்சம் ஓ.சி.டி. உண்டு" என்று சிரித்துக்கொள்வது இக்காலத்து நாகரிகம். ஆனால் அதே பூட்டை அரைமணி நேரம் இழுத்துப் பார்த்தும் மனம் ஒப்பாமல் வேலைக்குப் போவதையே நிறுத்திவிட்டவரும், சோப்பு நுரையில் ஊறி ஊறிப் புறங்கை வெடித்து இரத்தம் கசிந்த பின்னும் குழாயை மூட அஞ்சி நிற்பவரும் அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள இயலாது. இவர்களாவது வெளியே தெரிகிறவர்கள். சந்நிதியில் கைகூப்பி நிற்கும் வேளையிலேயே தெய்வத்தைக் குறித்து நாக்கூசும் எண்ணமொன்று தானாகப் புகுந்துவிட, தாம் மகாபாவி என்று நடுங்குகின்ற பக்தரும், பெற்ற சிசுவுக்குத் தன் கையாலேயே ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்று பயந்து அரிவாள்மணையை ஒளித்துவைத்துவிட்டு வாய் திறவாதிருக்கும் தாயும் எத்தனை பேர் என்பதை எவர் அறிவார்? அந்த எண்ணம் அவர்களுடைய விருப்பமன்று. அதை அவர்கள் அடியோடு வெறுப்பதனால்தான் அது அத்தனை வேதனை தருகிறது.

சுத்தம் சம்பந்தப்பட்ட மட்டில், ஓ.சி.டி. எனப்படும் இந்த எண்ணச் சுழற்சி நோய் ஒளிந்துகொள்வதற்கு நம் வீடுகளில் வசதியான இடம் ஒன்று உண்டு. மடி, ஆசாரம் என்ற பெயரில் ஒருவர் நாளைக்கு நான்கு முறை குளித்தால் அதனை அனுஷ்டானம் என்று மெச்சிவிடுகிறோம். அனுஷ்டானத்தை முடித்தவருக்கு மனம் அடங்கும், நோயாளிக்கோ முடித்த க்ஷணமே சந்தேகம் மறுபடி தலைதூக்கும் என்ற பேதத்தை நாம் கவனிப்பதில்லை. பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பருவத்திலேயே தலைகாட்டும் இவ்வியாதி, மருத்துவரிடம் வந்து சேர்வதற்குள் பல வருஷங்கள் வீணாகிவிடுகின்றன.

வந்து சேர்ந்த பின்னராவது விமோசனம் உண்டா என்றால், அங்கேதான் என் ஆக்ஷேபம் இருக்கிறது. கவுன்சலிங் என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் இடங்கள் பலவற்றில் நோயாளிக்குக் கிடைப்பது, "நல்லதையே நினையுங்கள், மனத்தை வேறு பக்கம் திருப்புங்கள், நீங்கள் பயப்படுகிறபடி ஒன்றும் நடக்காது" என்ற உபதேசம். துக்கத்தில் இருப்பவருக்கு இது மருந்தாகலாம். இந்நோய்க்கு இதுவே தீனி. "ஒன்றும் ஆகாது" என்ற வார்த்தை, சிரங்கைச் சொறிவதுபோல அந்நேரத்துக்குச் சுகமாயிருந்து, அடுத்த நாழிகையில் அரிப்பை இரட்டிப்பாக்குகிறது. மறுபடி அதே வார்த்தையைக் கேட்டாலன்றி மனம் ஆறாது என்ற அடிமைத்தனம் வளர்கிறது. அன்பான மனிதர்களெல்லாம் அறியாமலேயே நோய்க்கு உழைக்கும் விபரீதம் இது.

இதற்கு நேர்மாறான வழியை 1966-ஆம் ஆண்டிலேயே லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த விக்டர் மேயர் என்ற உளவியலாளர் எழுதிவைத்தார். வேறு சிகிச்சைகளுக்கு மசியாத இரு நோயாளிகளை, அவர்கள் அஞ்சிய பொருள்களையும் சந்தர்ப்பங்களையும் வேண்டுமென்றே எதிர்கொள்ளச் செய்து, அதன்பின் அவர்கள் வழக்கமாகச் செய்யும் கழுவுதல் முதலிய சடங்குகளில் இறங்காதபடி செவிலியரை உடன் வைத்துத் தடுத்தார். இருவருக்கும் நல்ல குணம் கண்டது. இ.ஆர்.பி. (Exposure and Response Prevention) என்று இன்று வழங்கும் முறைக்கு அதுவே ஆரம்பம். நேரில் பார்த்தால் எளியதாகத் தோன்றும். வாசலில் கிடக்கும் செருப்பைத் தொட்டுவிட்டு, கழுவாத அந்தக் கையால் தம் தலையணையைத் தடவும்படி நோயாளியிடம் சிகிச்சையாளர் சொல்லி, தாமும் முதலில் அவ்வாறே செய்து காட்டுகிறார், பயம் நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டால், "எண்பது" என்கிறார் நோயாளி, இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள், "ஒன்றும் ஆகாது" என்று சிகிச்சையாளர் சொல்வதேயில்லை. கழுவாமலேயே அந்த எண்பது அறுபதாகி, நாற்பதாகித் தணிவதை நோயாளி தாமே அனுபவித்து அறிகிறார். தணியாத நாளிலும், அந்தப் பயத்தோடேயே இருந்துவிட முடியும் என்பதை அறிகிறார். எளிய பயத்திலிருந்து கடுமையானதற்குப் படிப்படியாக ஏற்றிச் செல்வதும், தலைக்குள்ளேயே நடக்கும் ஜபம், எண்ணிக்கை போன்ற ரகசியச் சடங்குகளைக் கண்டுபிடிப்பதும் தனிப் பயிற்சி இல்லாதவருக்குக் கைவராது. கடுமையானதை முதல் நாளே தூக்கிக் கொடுத்து நோயாளியை ஓடச் செய்தவர்களும் உண்டு.

மருந்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஃப்ளூவாக்ஸெட்டின் வகையும் குளோமிப்ரமினும் பலருக்குப் பலன் தந்தவை. ஆனால் மனச்சோர்வுக்குத் தருவதைவிட அதிக அளவும், பத்துப் பன்னிரண்டு வாரப் பொறுமையும் வேண்டும். மூன்றாம் வாரமே, "கேட்கவில்லை" என்று மாத்திரையை நிறுத்திவிடுவோர் மிகப் பலர்.

இந்தச் சிகிச்சைக்கு எங்கே போவது? பெங்களூர் நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் இந்நோய்க்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. திருநெல்வேலியிலுள்ள ஒரு குடும்பம் ரயிலேறி அங்கே போய் வாரக்கணக்கில் அறை எடுத்துத் தங்க முடியுமா? 1794-இல் தொடங்கிய மரபையுடைய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை நமக்கிருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. இ.ஆர்.பி. முறையில் தேர்ந்த மருத்துவ உளவியலாளர் ஒருவராவது மாவட்டத்துக்கு இருக்கவேண்டும் என்பது பேராசை ஆகாது. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், உடல் நோய்க்கு நிகராக மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் அளிக்கவேண்டும் என்கிறது. ஆயினும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் என்பது பெரும்பாலான பாலிசிகளின் ஏற்பாடாகையால், வாரந்தோறும் வந்துபோகும் இச்சிகிச்சைக்கு மத்தியதரக் குடும்பம் கைப்பணத்தையே எண்ணி வைக்கவேண்டியிருக்கிறது. இதை மாற்றுவது சர்க்காரின் கையில் உள்ள காரியம்.

அதுவரை, 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணை இலவசமாக அழைத்து, எங்கே போகலாமென்று விசாரிக்கலாம். சிகிச்சையாளரைத் தேடிப் போகிறவர்கள் கட்டணத்தை விசாரிக்கும் முன்னர், "இ.ஆர்.பி. பயின்றிருக்கிறீர்களா? வீட்டில் செய்துவரப் பயிற்சி கொடுப்பீர்களா? பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன என் மனைவியையும் அழைத்துப் பேசுவீர்களா?" என்று கூச்சமின்றிக் கேட்கவேண்டும். அதற்கு, "அதெல்லாம் வேண்டாம், பேசப் பேசத் தெளிந்துவிடும்" என்று விடை வருமானால், கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வந்துவிடலாம்.