பத்தாயிரம் வருஷக் கணக்கு

'சூப்பர் கம்ப்யூட்டருக்கு 10,000 வருஷம் ஆகும் கணக்கை 200 செகண்டில் போட்டது கூகுளின் குவாண்டம் சிப்!' 2019-ல் வந்த இந்தச் செய்தியைப் படித்து வாய் பிளந்திருப்பீர்கள். நானும்தான். அந்த 10,000 வருஷம் அப்புறம் என்ன ஆச்சு என்பதை மட்டும் யாரும் கொட்டை எழுத்தில் போடவில்லை.

'இரண்டரை நாள் போதுமே' என்று ஐ.பி.எம். உடனே சொன்னது. 2022-ல் சீன விஞ்ஞானிகள் 512 கிராஃபிக்ஸ் சிப்களை வைத்து, சுமார் 15 மணி நேரத்தில் முடித்தே காட்டிவிட்டார்கள்.

தப்பு எங்கே? சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் அரிசியை இரட்டிப்பாக்கச் சொல்லி ராஜாவை ஓட்டாண்டியாக்கிய கதை தெரியுமல்லவா? குவாண்டம் துகள்களும் அந்த ஜாதி. ஒரு துகள் கூடினால் கணக்கு இரண்டு மடங்கு. 53 குவிட்டுக்கு சுமார் 90 கோடி கோடி எண்கள். அத்தனையையும் எழுதித்தான் தீர்ப்பேன் என்று முரட்டுத்தனமாக உட்கார்ந்தால் ஆயுசு போதாதுதான்.

ஆனால், எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்று யார் சொன்னது? இயற்கையில் பெரும்பாலான துகள்கள் பந்தியில் உட்கார்ந்தவர்கள் மாதிரி. பக்கத்து இலைக்காரரோடுதான் பேச்சு. கோடி இலைக்காரரோடு அவ்வளவாக இல்லை. அந்த அக்கம்பக்க உறவை மட்டும் பத்திரப்படுத்தி மற்றதைக் கழித்துவிடலாம் என்று 1992-ல் ஸ்டீவன் ஒயிட் ஒரு முறை சொன்னார். அதன் வாரிசுகளுக்கு 'டென்சர் நெட்வொர்க்' என்று பெயர்.

2023 ஜூனில் ஐ.பி.எம். முறை. 127 குவிட் சிப்பில் காந்தம் போன்ற ஓர் அமைப்பைக் கணக்கிட்டு 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். தாங்கள் முயன்ற டென்சர் முறைகள் ஒரு கட்டத்துக்கு மேல் திணறுவதாகவும் சொன்னார்கள். இரண்டு வாரம்கூட முழுசாக ஆகவில்லை. அந்தச் சிப்பில் ஒவ்வொரு குவிட்டுக்கும் அதிகபட்சம் மூன்றே பக்கத்து வீடுகள் என்பதைக் கவனித்த சிலர், அதே கணக்கைச் சாதாரண கம்ப்யூட்டரிலேயே இன்னும் துல்லியமாகப் போட்டுவிட்டார்கள்!

குவாண்டம் கம்ப்யூட்டர் டூப் என்று நான் சொல்ல வரவில்லை. பந்தி முழுக்க எல்லாரும் எல்லாரோடும் பேச ஆரம்பித்தால் டென்சர் முறை படுத்துவிடும். எலெக்ட்ரான் கூட்டங்களில் ப்ளஸ்ஸும் மைனஸும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, மிச்சம் இரைச்சலாக நிற்கும் கேஸ்களும் உண்டு. அங்கே ஒருநாள் குவாண்டம் சிப் ஜெயிக்கலாம். ஜெயிக்கட்டும்.

என் கோபம் 'முடியவே முடியாது' என்கிற வார்த்தை மேல். 'எங்களுக்குத் தெரிந்த வழியில் இவ்வளவு நாள் ஆகும்' என்பதுதான் நேர்மையான வாக்கியம். இன்றைய குவாண்டம் சிப்கள் தப்பும் தவறுமாக விடை சொல்பவை. அதைத் திருத்த வாத்தியார் வேண்டாமா? அந்த வாத்தியார், ஓரமாக உட்கார்ந்து லேப்டாப்பில் அல்காரிதம் எழுதும் ஆசாமிதான்.

2023-ல் நம் அரசு தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003 கோடி ரூபாய் அறிவித்தது. சந்தோஷம். சிப் செய்கிறவர்களுக்கு மாலை போடும்போது, கணக்குப் போடுகிறவர்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். இல்லையென்றால் விடை வரும். சரியா என்று சொல்லத்தான் ஆள் இருக்காது.