உலகக் குடிமையும் ஊர்த் தறியும்

வேலூரினின்று ஆரணிக்குச் செல்லும் வழியிற் கண்ணமங்கலம் என்னும் ஊர் உளது. பட்டு நெசவை வாழ்வாகக் கொண்ட குடிகள் அவ்வூரிலும் அதன் சுற்றுப்புறத்தும் உள்ளன. அவ்வூர் மாணாக்கரைக் குறித்து அன்பர் ஒருவர் எம்மோடு உரையாடுங்காற் கூறிய கூற்றொன்றே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. "உலகக் குடிமை என்று ஒன்றை உயர்நிலைப் பள்ளிகளிற் கற்பிக்க வேண்டும் என்கின்றார்கள். வானூர்தி ஏறுவார் மக்களுக்கு அது தகும். தறிக்குழியில் இறங்கப்போகும் பிள்ளைக்கு அஃது எற்றுக்கு? கணக்கும் ஆங்கிலமும் வந்தாற் போதாதா?" என்றார் அவர். அது மேனாட்டுச் சரக்கென்றும், அதனைக் கற்ற பிள்ளை தன் மொழியையும் நாட்டையும் மறக்குமென்றும் மேலும் இரண்டு குற்றங்களைச் சேர்த்துரைத்தார்.

பிறர் கோளைக் குறைவறக் கூறிய பின்னரே தம் கோளை நிறுவுதல், பரபக்கம் சுபக்கம் என நூல் வகுத்த சித்தியார் ஆசிரியர் நமக்குக் காட்டிய நெறி. ஆதலின் அன்பர் கூற்றில் மெய்யாயுள்ளதனை முதற்கண் ஒப்புகின்றோம். அக்டோபர் 24ஆம் நாள் வந்தால் சில பள்ளிகளிற் பிள்ளைகளின் கன்னத்திற் பல நாட்டுக் கொடிகளை எழுதி, வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கின்றனர். மறுநாட் காலையிற் கன்னத்தைக் கழுவினால் உலகக் குடிமையும் உடன் கழுவப்படுகின்றது. இதனை அன்பர் எள்ளி நகையாடுவாராயின் யாமும் உடன் நகைப்போம். ஆயின் போலி மருந்து விற்பார் உளர் என்பதனால் மருந்தே வேண்டா என்பது அறிவுடையார் வழக்கன்று.

மேனாட்டுச் சரக்கு என்னும் குற்றத்தை விரைவிற் கடக்கலாம். ஐக்கிய நாடுகள் அவை 2015ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் ஏற்ற பதினேழு குறிக்கோள்களுள் நான்காவது கல்வியைப் பற்றியது. அதன் ஏழாம் கூறு, 2030ஆம் ஆண்டிற்குள் கற்பார் அனைவரும் உலகக் குடிமையைப் பற்றிய அறிவும் பெறவேண்டும் என்கின்றது. 2020ஆம் ஆண்டு வெளிவந்த நடுவணரசின் கல்விக் கொள்கையும் உலகக் குடிமகனை நோக்கமாகச் சொல்கின்றது. சொல் புதிது என்பது உண்மையே. ஆயினும் அவ்வவைக்கு அடியான பட்டயத்தில் 1945ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகரில் இந்தியாவிற்காகக் கையொப்பமிட்டவர் ஆர்க்காடு இராமசாமி முதலியார். மறுவருடம் அதன் பொருளாதார சமூக மன்றத்திற்கு முதல் தலைவராக அமர்ந்தவரும் அவரே. நாடு அன்று பிறர் ஆட்சியில் இருந்தது என்பதனையும் மறைக்கவேண்டா. கணியன் பூங்குன்றனாரின் புறப்பாட்டு 2019ஆம் ஆண்டு அவ்வவையின் மேடையில் நம் தலைமையமைச்சரால் எடுத்துரைக்கப்பட்டபோது நாமெல்லாம் மார்தட்டி மகிழ்ந்தோம். மேடைக்கு நம் சரக்கு, வகுப்பறைக்கு மட்டும் பிறர் சரக்கோ?

இனி, தறிக்குழியில் இறங்கும் பிள்ளைக்கு உலகம் எற்றுக்கு என்னும் தலையாய கேள்விக்கு வருவோம். அன்பர் அத்தறியை ஒருமுறை உற்று நோக்கியிருப்பாராயின் இங்ஙனம் வினவியிரார். பாவிலும் ஊடையிலும் உள்ள பட்டு கண்ணமங்கலத்தில் விளைந்ததன்று. பட்டுநூலின் பெரும்பகுதி கன்னட நாட்டில் விளைகின்றது, சீனத்திலிருந்தும் வருகின்றது. சரிகைக்குப் பேர்போனது சூரத்து. சாயமோ ஆலைகளிற் பிறப்பது. முழங்கால் மடக்கி மிதியை மிதிக்கும் தகப்பனார் ஒருநாளும் ஊரைத் தாண்டாதிருக்கலாம். அவர் கைந்நாடா ஓடும் ஓட்டத்தில் மூன்று நாட்டு மக்களின் உழைப்பு ஓடுகின்றது. (கொல்லாமை பேசும் நாம் கூட்டோடு வெந்து மடியும் புழுக்களின் பட்டை உடுத்துக்கொண்டே அதனைப் பேசுகின்றோம் என்பது வேறொரு வழக்கு, அதனையும் ஒருநாள் எழுதல் வேண்டும்.)

2011ஆம் ஆண்டில் நடந்ததொன்றைக் கேண்மின். அயல்நாட்டுக் கச்சாப் பட்டின்மீது நூற்றுக்கு 30 ஆக இருந்த சுங்கவரியை நடுவணரசு 5 ஆகக் குறைத்தது. நூல் மலிந்தால் நெய்வார்க்கு நலம். ஆனால் அவ்வாண்டிலேயே இராமநகரச் சந்தையிற் பட்டுக்கூட்டின் விலை வீழ்ந்து, முசுக்கட்டை பயிரிட்ட கன்னட உழவர் கலங்கினர். 2013ஆம் ஆண்டில் வரி 15 ஆக உயர்த்தப்பட்டது. உழவர்க்குச் சற்று ஆறுதல்; நெசவாளர்க்குச் சுமை. இவ்விருவருள் யார் பக்கம் நியாயம்? சீனத்துப் பட்டுப்பண்ணையிற் கூலிக்கு உழைப்பாள் ஒருத்திக்கும் இதிற் பங்குண்டா? இக்கேள்வியை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின்முன் வைத்து ஒரு வாரம் வழக்காட விடுதலே யாம் கூறும் உலகக் குடிமைப் பாடம். தம் இல்லத்து நன்மை பிறிதோர் இல்லத்துத் துன்பமாகக் கூடும் என்பதனைக் கண்ணமங்கலத்துப் பிள்ளை அறியுமளவு வானூர்தி ஏறும் பிள்ளை அறிதல் அரிது. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் இந்தியாவின் வெளியுறவுக் கொள்கையும் சர்வதேச உறவுகளும் பாடங்களாக உள்ளன. அவற்றை நெட்டுருச் செய்து நிறைந்த மதிப்பெண் பெறும் பிள்ளை, தன் வீட்டுப் பாவுநூல் எங்கிருந்து வந்ததென்று அறியாதிருத்தல் கூடும். குறை பாடநூலைக் காட்டிலும் பாடஞ்சொல்லும் முறையிலேயே மிகுதி.

இன்னும் ஒன்று உளது, அதுவே முகாமையானது. கோர்வை நெசவிற் கரைக்குத் தனி நாடா வேண்டும். அதனைத் தள்ளத் தறியின் ஒருபுறம் மற்றொருவர் அமர்தல் வழக்கம். அம்மற்றொருவர் பல வீடுகளிற் சிறு பிள்ளையாகவே இருந்தனர். பதினான்கு வயது நிரம்பாதாரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விதித்தது. அச்சட்டமே, பள்ளி நேரம் கழிந்தும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலிற் பிள்ளை உதவலாம் என்று ஒரு வாயிலையும் திறந்து வைத்தது. மறுவருடம், வேலைக்குரிய குறைந்த வயதைப் பற்றியதும் கொடிய சிறார் உழைப்பை ஒழிப்பதுமாகிய உலகத் தொழில் உடன்படிக்கைகள் இரண்டனையும் இந்தியா ஏற்றது. வணிகர் தரும் பாவும் ஊடையும் வாங்கிக் கூலிக்கு நெய்யும் வீட்டில், தறி வீட்டினுள் இருக்கும் காரணத்தால் அது குடும்பத் தொழில் ஆகிவிடுமா? மாலையில் தார் சுற்றிவிட்டு இரவிற் பாடம் எழுதும் சிறுமிக்குத் தன்னைப் பற்றி உலக நாடுகள் கூடி எழுதிய எழுத்தொன்று உண்டெனத் தெரியவேண்டுமா, வேண்டாவா? வேண்டா என்பார் அவள் நலத்தைக் கருதிச் சொல்கின்றனரா, குறைந்த கூலியின் நலத்தைக் கருதிச் சொல்கின்றனரா? எம் அன்பர் தூயவர். அவர்மேல் எமக்கு ஐயமில்லை. ஆனால் அவர் வாயில் வந்த சொல் பிறர் நாவிற் பழகிய சொல் என்பதனை அவர் ஆராய்தல் வேண்டும்.

மொழியும் நாடும் மறக்கும் என்னும் அச்சத்திற்கு நம் வீட்டிலேயே விடை உளது. நேச நாயனார் காம்பீலி நகரத்து நெசவுக் குடியினர். தாம் நெய்த உடையும் கீளும் கோவணமும் அடியார்க்கு ஈந்து உய்ந்தவர். அந்நகரைக் கன்னட நாட்டுக் கம்பிலி என்பர். அவரைப் போற்றியதனாற் சேக்கிழார் தமிழை மறந்தாரோ? தொகையடியாருள் அப்பாலும் அடிச்சார்ந்தார் என்றொரு வகை வைத்து, மூவேந்தர் நாட்டிற்கு அப்பாலும் தம் காலத்திற்கு அப்பாலும் உள்ளாரைத் தமிழிலேயே வணங்கிய மரபு நம்முடையது.

எனவே கண்ணமங்கலத்திலும் ஆரணியிலும் ஆசிரியராயுள்ளார்க்கு எமது வேண்டுகோள் ஒன்று. வரும் அக்டோபர்த் திங்களிற் கொடி எழுதும் வண்ணத்தை வாங்கவேண்டா. நெசவாளர் ஒருவரை வகுப்பிற்கு அழைத்து நாற்காலியில் அமர்த்துங்கள். அவர் கையிற் பாவுநூல் ஒரு முடி இருக்கட்டும். அஃது எங்கிருந்து வந்தது, என்ன விலை, நெய்த கூலி எவ்வளவு என்று பிள்ளைகள் வினவட்டும். எம் அன்பரையும் அன்று பின்வரிசையில் இருக்குமாறு அழைத்துள்ளோம், வருவதாக இசைந்துள்ளார்.