மூன்றேகால்

சிங்கப்பூரில் நான் வழக்கமாகப் போகும் ஒரு சின்ன பீர் காய்ச்சும் கடையில், போன மாதம் கரும்பலகையிலிருந்து பிரவுன் ஏல் காணாமல் போயிருந்தது. அந்த இடத்தில் இன்னொரு டபுள் ஐபிஏ. ஏன் என்று கேட்டேன். கடைக்கு வருகிறவர்கள் குடிக்கத்தான் செய்தார்களாம். ஆனால் செயலியில் மதிப்பெண் ஏறவே இல்லையாம். மதிப்பெண் இல்லாத பீரை வெளியில் உள்ள பார்கள் எடுப்பதில்லையாம். மிச்சமிருந்த நாலு டின்னை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

எம்ஆர்டியில் உட்கார்ந்து செயலியைத் திறந்து பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த பீருக்கு நான் போட்ட மதிப்பெண் அங்கே இருந்தது. 5க்கு 3.25. கீழே என் குறிப்பு: 'குடிக்க எளிது. விசேஷமா ஒன்னும் இல்ல.'

அதைக் கொன்ற கூட்டத்தில் நானும் ஒருத்தன். அதனால் இந்தக் கட்டுரையில் திட்டு வாங்குகிற முதல் ஆளும் நானே.

பிரவுன் ஏல் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். முளைகட்டி உலர்த்திய பார்லியை வேறு வேறு அளவில் வறுத்துக் கலந்து காய்ச்சுகிற பழுப்பு நிற பீர். வறுத்த கடலை, ரொட்டியின் கருகிய ஓரம், லேசாக கோப்பி, அடியில் கொஞ்சம் சீனிப்பாகு. ஹாப்ஸின் கசப்பு அந்த இனிப்பைத் திகட்டவிடாமல் பிடித்துவைக்கும் அளவுக்கு மட்டும். ஆல்கஹால் பெரும்பாலும் நாலரை, ஐந்து சதவீதம். இதில் பேர்போனது இங்கிலாந்தின் நியூகாசல் பிரவுன் ஏல். 1927-இல் ஜிம் போர்ட்டர் என்பவர் உருவாக்கியது. அடுத்த வருடமே லண்டன் கண்காட்சியில் பரிசு வாங்கியது. அந்த ஊர்க்காரர்கள் போத்தலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சின்ன கிளாஸில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குடிப்பார்கள். ஒரு போத்தல் ஒரு நீண்ட பேச்சுக்குத் துணையாக வரும். அந்தக் குடும்பத்து பீருக்கு வேலையே அதுதான்.

இந்த பீரை நான் எப்படிச் சோதித்தேன் தெரியுமா? ஒரு மரப்பலகையில் நாலு குட்டி கிளாஸ். முதலில் எட்டு சதவீத டபுள் ஐபிஏ, அடுத்து புளிப்பு பீர், மூன்றாவது பதினொரு சதவீத ஸ்டவுட், கடைசியில் இது. சம்பால் பிலாச்சானை நக்கிவிட்டு கஞ்சி குடித்து, 'கஞ்சியில் உப்பே இல்ல' என்று தீர்ப்பு எழுதின கதை.

நான் உட்லண்ட்ஸில் சிப் தொழிற்சாலையில் அளவீட்டுப் பொறியாளர். ஸ்கூடாய் யூடிஎம்மில் படித்தவன். எங்கள் வேலையில் முதல் பாடம், பொருளை அளக்கும் முன் அளக்கும் கருவியைச் சோதி. ஒரே துண்டை அதே கருவியால் பல தடவை அளந்து பார்ப்போம். அளவீட்டின் தடுமாற்றம், அனுமதித்த எல்லையில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல கருவி. 30 சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் கருவியை வைத்து எந்தத் துண்டையும் தள்ளக்கூடாது.

சரி, என் நாக்கைச் சோதிப்போம் என்று நினைத்தேன். வாங்கி வந்த டின்களில் மூன்றை மூன்று ராத்திரி, என் அறைத்தோழன் உள்ளே தெரியாத குவளையில் ஊற்றித் தந்தான். வேறு பீர்களும் இருந்தன. எது எது என்று எனக்குச் சொல்லவில்லை. முதல் ராத்திரி அது முதல் குவளை: 3.75 போட்டேன். இரண்டாம் ராத்திரி டபுள் ஐபிஏவுக்குப் பிறகு வந்தது: 2.75. மூன்றாம் ராத்திரி வேறு எதுவும் இல்லாமல் மீ கோரெங்கோடு: 4. ஒரே நாளில் டின்னில் அடைத்த ஒரே பீர். மூன்று அளவீட்டை வைத்து முறையான கணக்கு போட முடியாதுதான். ஆனால் இந்தக் கருவியைப் பூட்டிவைக்க இதுவே போதும். இதே கருவியால்தான் ஒரு பீருக்கு மூன்றேகால் போட்டு மூடுவிழா நடத்தினேன்.

"ஆயிரம் பேர் போடுறாங்கல்ல மச்சான், சராசரியில சரியாயிடும்" என்பார்கள் நண்பர்கள். ஆகாது. தப்பு ஆளுக்கு ஒரு பக்கம் சிதறினால்தான் சராசரி அதைச் சரிசெய்யும். எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து நின்றால் சராசரியும் அந்தப் பக்கமே சாயும். 2000-இல் தொடங்கி 2025-இல் மூடப்பட்ட ரேட்பீர் ஆகட்டும், 2010-இல் வந்த அன்டாப்ட் ஆகட்டும், உச்சிப் பட்டியலில் நெரிசல் போட்டவை கனமான இம்பீரியல் ஸ்டவுட்டுகளும் ஹாப்ஸ் கொட்டிய ஐபிஏக்களும். பிரவுன் ஏலை அவற்றோடு ஒரே வரிசையில் நிறுத்தி உயரம் பார்க்கிறோம். பி.ஜே.சி.பி நடுவர்கள் அப்படிச் செய்வதில்லை. அவர்களுடைய தாளில் மொத்தம் 50 மதிப்பெண், அதில் 20 சுவைக்கு. ஆனால் பிரவுன் ஏலை பிரவுன் ஏலுக்கு உரிய இலக்கணத்தோடுதான் ஒப்பிடுவார்கள். நமக்கு அந்தப் பொறுமை இல்லை.

இனி எனக்கு உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். என் தாத்தா குளுவாங் பக்கம் தோட்டத்தில் பால் வெட்டியவர். சம்சுவில் போனவர். அந்தக் காலத்து ஆட்கள் சம்சு வாங்கப் பார்த்தது ஒன்றே ஒன்று: குடுத்த காசுக்கு எவ்வளவு ஏறும்? சுவை பற்றி யாரும் பேசவில்லை. பேசுகிற நிலையில் அவர்களை யாரும் வைக்கவும் இல்லை. 1941 கிள்ளான் வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடு என்பதும் ஒன்று. நம் கதைகளில் குடி வந்தால் அடுத்த பத்தியில் பெண்டாட்டிக்கு அடி விழுவதற்கும் காரணம் இருக்கிறது. அதை நான் லேசாகப் பேச மாட்டேன்.

ஆனால் கிராஃப்ட் பீர் குடிக்கிற நாங்கள் சம்சு குடித்தவர்களைவிட நாகரிகமானவர்கள் என்று நினைத்துக்கொள்கிறோமே, அதைத்தான் கேட்கிறேன். எங்கள் செயலியும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது: எவ்வளவு பலமாக அடித்தது? அவர்களுக்குத் தலையில், எங்களுக்கு நாக்கில். பல நேரம் இரண்டிலும். பதினொரு சதவீதத்துக்கு 4.5, நாலரை சதவீதத்துக்கு மூன்றேகால். ஒரே தராசு, கையில் பிடித்திருக்கும் கிளாஸ் மட்டும் விலை கூடினது.

"குடிக்க எளிதானதைப் புகழ்ந்தா இன்னும் ரெண்டு கிளாஸ் கூட உள்ள போகும், அதுதானே ஆபத்து" என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்வி. குடி குடிதான், நாலரை சதவீதமும் சேர்ந்தால் கணக்கு ஏறும். ஆனால் நான் பார்த்தவரை, அந்த பீரோடு உட்கார்ந்த மேசைகளில் பேச்சு நடந்தது, சாப்பாடு நடந்தது, ஆட்கள் எம்ஆர்டி நிற்கும் முன் எழுந்து போனார்கள்.

நான் என் மூன்றேகாலை அழித்துவிட்டேன். இனி எந்த பீருக்கும் எண் போடப்போவதில்லை. எதோடு குடித்தேன், எந்த வரிசையில் குடித்தேன், கிளாஸ் காலியானதா, அடுத்த வாரம் மறுபடி கேட்பேனா என்று நாலு வரி எழுதுவேன். மற்றவர்களும் இதையாவது செய்யுங்கள். எண்தான் போடுவேன் என்றால் பலகையில் நாலாவதாக வந்த பீருக்குப் போடாதீர்கள்.

நாலாவது டின் மிச்சமிருந்தபோது அப்பா குளுவாங்கிலிருந்து வந்திருந்தார். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவர். டின்னைத் திருப்பிப் பார்த்தார்.

"இது எவ்ளோ ஏறும்டா?"

"ஒன்னும் பெருசா ஏறாதுப்பா."

"அப்ப எதுக்கு இவ்ளோ காசு குடுத்து வாங்குற?"

பதில் சொல்லாமல் கிளாஸில் ஊற்றி அவர் முன் வைத்தேன். குடிக்கவில்லை. குனிந்து மோந்து பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

"கோப்பி வறுக்குற கடை வாசம்," என்றார். "காலையில, கடை தொறக்கறதுக்கு முன்னால வருமே, அது."

ஆறு வருடமாக பீருக்குக் குறிப்பு எழுதுகிறேன். இந்த மாதிரி ஒரு வரி நான் எழுதியதில்லை.