கிணற்றடியில் எழுந்த வினா

கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, யான் இலக்கியம் பற்றி எழுதுவேன் என்றே எண்ணியிருப்பர். யானோ கிணற்று நீரைப் பற்றி எழுதத் துணிந்தேன். தமிழாசிரியனுக்கும் பௌதிகத்துக்கும் யாது தொடர்பு என வினவும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க. இஃது ஒரு மாணவனுக்கு யான் பட்ட கடன்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டி வழியாக வேலணை நோக்கிச் செல்வோர் மண்கும்பானை அறிவர். ஊரின் பெயரே மணற்கும்பிகளை நினைவூட்டும். மணல்வெளியும் பனங்கூடலும் கடந்தால் கடல். கடலுக்கு அத்துணை அணித்தாயிருந்தும், அம்மணற்பாங்கில் தோண்டிய கிணறுகளில் நன்னீர் ஊறுகின்றது. அயலிலுள்ள சாட்டிக் கிணறுகளின் நீரையும், உவர்நீரால் வருந்தும் தீவக மக்கள் நாடி வந்துள்ளனர்.

சில ஆண்டுகளுக்கு முன் நெய்தல் நிலத்தைப் பற்றி வகுப்பிற் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வூர் மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, சுற்றிவரக் கடல் கரிக்கும்போது எங்கள் கிணற்று நீர் மட்டும் ஏன் கரிப்பதில்லை?” என்றான். “மணல் உப்பை வடித்துவிடும், தம்பி, பாடத்தைக் கவனி” என்று கூறி மேலே சென்றேன். மறுநாள் அவன் மீண்டும் எழுந்தான். “ஐயா, துளையிட்ட சிரட்டையில் மணலை நிரப்பிக் கடல்நீரை வார்த்துப் பார்த்தேன். மணலுக்குள்ளால் வடிந்த நீரும் கரிக்கிறது” என்றான். வகுப்பு நகைத்தது. “இது தமிழ்ப் பாடம், இரு” என்று அவனை அமர்த்தினேன். அவ்வாண்டு முடியும்வரை அவன் என்னிடம் வேறெதனையும் வினவவில்லை.

அவன் செய்த சோதனை பிழையன்று. யான் சொன்ன விடையே பிழை. நீரிற் கரைந்த உப்பு மணலின் இடைவெளிகளூடே நீரோடு சேர்ந்து செல்லும். மணல் அதனைத் தடுத்து நிறுத்தாது. பின்னர் விஞ்ஞான ஆசிரியர் ஒருவரிடம் யானே மாணவனாயிருந்து உண்மை விடையைக் கற்றேன்.

ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை மணலில் விரைந்து இறங்குகின்றது. மணலின் இடைவெளிகள் பெரியன. ஆதலின், களிமண் ஈரத்தை மேலிழுப்பதுபோல மணல் இழுப்பதில்லை. உலர்ந்த மேல்மணல் போர்வைபோற் கிடந்து கீழுள்ள நீரைக் காக்கின்றது. அவ்வாறு இறங்கிய நன்னீர், நிலத்தடியிற் பரவியுள்ள கடல்நீரின்மேல் மிதக்கின்றது. நன்னீர் இலேசானது, கடல்நீர் கனமானது. மணலின் நுண்ணிடைகளில் நீர் மெல்லவே நகர்வதால், இரண்டும் எளிதிற் கலந்துவிடுவதில்லை.

இம்மிதப்பின் கணக்கு வியப்பிற்குரியது. 40 அடி உயரமான கடல்நீர்த் தூணும் 41 அடி உயரமான நன்னீர்த் தூணும் ஏறத்தாழ ஒரே எடையுடையன. ஆகவே கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருத்தல் கூடும். ஒல்லாந்தராகிய கைபென் 1888ஆம் ஆண்டளவிலும், ஜேர்மானியராகிய ஹேர்ஸ்பேர்க் 1901இலும் தனித்தனியே இவ்வுண்மையை எடுத்துரைத்தனர். வடகடற் கரையிலும் தீவுகளிலும் அவர்கள் கண்ட முறைமையே நம் தீவுகளிலும் இயங்குகின்றது.

இவ்விடையை அறிந்த பின்னர் ஊரைப் பார்த்த என் பார்வை மாறிற்று. மேலே 1 அடி குறையின், கீழே 40 அடி நன்னீரை இழக்க நேரும். துலாவால் இறைத்த காலத்தில் நீர் மெல்ல எடுக்கப்பட்டது. இன்று இயந்திரத்தால் ஒரே கிணற்றில் விரைந்து இறைக்குமிடத்து, அடியிலுள்ள உவர்நீர் கூம்பாக மேலெழுகின்றது. மண்கும்பானிலும் அல்லைப்பிட்டியிலும் கட்டட வேலைக்கென மணல் அள்ளப்பட்டமையைப் பலரும் அறிவர். மணற்கும்பியை வெறும் மண் என எண்ணுவோர் அதனை விலைபேசுவர். அது மழையை ஏற்றுக் காக்கும் கலம் என அறிந்தோர் அவ்வாறு செய்யத் தயங்குவர். என் பிழையான விடையின் தீமையும் இதுவே. மணல் உப்பை வடிக்கும் என நம்புபவன், எவ்வளவு இறைத்தாலும் கடல் ஊறித் தரும் என்றல்லவோ வாளாவிருப்பான்!

திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன் 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் மீண்டபோது, மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு வியந்தார். வானத்தின் நிறமே கடலில் தெறித்துத் தோன்றுகின்றது என்பது அக்காலப் பேரறிஞரின் விடை. இராமன் அதனோடு அமையாது, கையிலிருந்த பளிங்குக் கருவியொன்றால் தெறித்துவரும் ஒளியை விலக்கிப் பார்த்தார், நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று கண்டார். அவ்வழியே தொடர்ந்த ஆராய்ச்சி 1928இல் இராமன் விளைவாக மலர்ந்து, 1930இல் நோபல் பரிசை ஈட்டித் தந்தது. பெரியோர் சொன்ன விடையைச் சோதித்துப் பார்த்தலே அவர் செய்தது. என் மாணவன் சிரட்டையாற் செய்ததும் அஃதன்றி வேறன்று.

விஞ்ஞானம் இன்று தமிழிலேயே கற்பிக்கப்படுகின்றது. ஆயினும் பாடநூலிலுள்ள அடர்த்தி வேறு, வீட்டுக் கிணறு வேறு என்றே பிள்ளைகள் எண்ணுகின்றனர். வினாக்களுக்கு விடை எழுதப் பழக்கும் நாம், வினாவைத் தொடுக்கப் பழக்குவதில்லை. பரீட்சைக்கு வாராத வினாவை இடையூறாகக் கருதுகின்றோம். விஞ்ஞானம் விஞ்ஞான ஆசிரியரின் பொறுப்பு என்று ஏனைய ஆசிரியர் ஒதுங்குதலும் தகாது. பௌதிகமுங் கற்ற தமிழ்ப் புலவராகிய விபுலானந்த அடிகள் யாழ்நூலை 1947இல் நமக்கு அளித்தமை, இவ்விரு துறைகளுக்கும் பகையில்லை என்பதற்குச் சான்றாகும். “எனக்குத் தெரியாது, இருவரும் தேடுவோம்” என்று கூறுதல் ஆசிரியனுக்கு இழுக்கன்று. அதனை யான் காலந் தாழ்த்தியே கற்றேன்.

பழைய மாணவர்களாகிய பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். விழாக்காலத்தில் கட்டடங்களும் வளைவுகளும் எழுப்புதல் நன்றே. அவற்றோடு, வகுப்புக்கொரு வினாக் கொப்பியும், மழைமானியொன்றும், நீரின் உவரை அளக்கும் சிறு கருவியொன்றும் கல்லூரிக்கு உதவுக. கிணற்றின் நீர்மட்டத்தை அளக்க முடிச்சிட்ட கயிறொன்றே போதும். வாரந்தோறும் மாணவர் தத்தம் ஊர்க் கிணறுகளை அளந்து குறித்து வருவாராயின், பத்தாண்டுகளில் தீவகத்து நீரின் வரலாறு அவர்தம் கையெழுத்திலேயே இருக்கும். வினாக் கொப்பியோ விரைவில் நிரம்பும். ஈரக் கடற்கரையிற் காலூன்றியதும் சுற்றியுள்ள மணல் ஏன் வெளுக்கின்றது? பகலிற் கடலிலிருந்து வீசிய காற்று இரவில் ஏன் தரையிலிருந்து வீசுகின்றது? இவற்றின் விடைகளை இங்கு யான் கூறப்போவதில்லை. மாணவர் தாமே தேடுக.

அம்மாணவன் இன்று எங்குளனோ அறியேன். இம்மலர் அவன் கைக்கு எட்டுமாயின், இதனை ஆசிரியன் ஒருவனின் மன்னிப்பாகவும், காலந் தாழ்ந்த விடையாகவும் ஏற்றுக்கொள்வானாக.