‘பல்’லில் எத்தனை ஒலி?

வாசிக்கத் தொடங்குமுன் சொல்லின் ஒலிகளைக் குழந்தை பிரித்தறிகிறதா என்று சோதிக்கும் தேர்வு சில மழலையர் பள்ளிகளில் நடக்கிறது. நோக்கத்தோடு எனக்குப் பிணக்கில்லை, அளவுகோலோடுதான்.

எனக்குக் காட்டப்பட்ட வினாத்தாளொன்றில் ‘பல்’ என்பதை ப்-அ-ல் என மூன்றாகப் பிரித்தால் முழு மதிப்பெண். ‘ப, ல்’ என்று இரண்டாகச் சொன்னால் சுழி. ஐந்து வயதுக் குழந்தை வேறென்ன சொல்லும்? அது கற்ற ‘ப’ ஓரெழுத்து. மெய்யோடு சேர்ந்தாலும் உயிரின் மாத்திரை மாறாது என்று தொல்காப்பியம் வகுத்த உயிர்மெய் அது. அந்தக் கணக்கில் குழந்தை சொன்ன விடையே சரி. சிவப்பு மையை வாங்கிக்கொள்வதும், ‘கற்றல் குறைபாடோ’ என்று பெற்றோரைக் கலங்கவைப்பதும் அந்த விடைதான்.

இந்த அளவுகோல் ஆங்கிலத்துக்குரியது. ஓரெகன் பல்கலைக்கழகத்தின் டிபெல்ஸ் தேர்வில் ஒரு நிமிடம் கொடுத்துச் சொற்களை ஒலியன்களாகப் பிரிக்கச் சொல்வார்கள். உயிரையும் மெய்யையும் தனித்தனியே எழுதும் மொழிக்கு அது தேவை. அங்கும்கூட, இசபெல் லீபர்மன் குழுவினர் 1974இல் சோதித்த மழலையர் வகுப்பில் அசைகளை எண்ண முடிந்தவர்கள் ஏறத்தாழப் பாதிப்பேர்; ஒலியன்களை எண்ண முடிந்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. எழுத்தறியாத போர்த்துக்கீசியப் பெரியவர்களுக்கும் அது கைவரவில்லை என்று 1979இல் மொராயிஸ் குழு காட்டியது. நம் அண்டையிலேயே கன்னடக் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக், அசையுணர்வு முந்தியும் ஒலியனுணர்வு மிகப் பிந்தியும் வருவதை 2007இல் எழுதினார். ஒலியனுணர்வே வாசிப்பை முன்னறிவிக்கும் என்று வாதிடும் நண்பர்கள், எந்த எழுத்துமுறையில் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இயைபு வினாக்கள் இன்னும் வேடிக்கை. தமிழில் ‘வந்தான், போனான்’ என்று ஒத்து முடிவது விகுதியின் உபயம். அதைக் கேட்டறியத் தனிச் செவி வேண்டாம். நம் செவி பழகியது எதுகைக்கு, இரண்டாம் எழுத்துக்கு. ‘கண்ணன், வண்ணம்’ இரண்டையும் பொருத்தும் குழந்தைக்கு இத்தாளில் மதிப்பெண் இல்லை.

ழகரத்தை ளகரமாகச் சொல்லும் மதுரைப் பிள்ளையும் இதில் தோற்கும். அது அவ்வூர்ப் பேச்சு, செவியின் குறையன்று. நெடிலைக் குறிலினின்று பிரித்தறிகிறதா என்பதே தமிழ் வாசிப்புக்கு முதலில் கேட்கவேண்டிய கேள்வி: கல்லா காலா, கொடுவா கோடுவா? அந்த வினாத்தாளில் ‘பல்’ இருந்தது. ‘பால்’ எங்குமே இல்லை.